தீ தொடாத இடம்

ஜனவரி 8

அன்பு அக்காவுக்கு,

இங்கே நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது, அத்தானுக்கு இருமல் நின்றதா என்று முதலில் எழுது. மற்றதெல்லாம் அப்புறம்.

போனில் இரண்டு நிமிடத்தில் முடிகிற பேச்சுக்கு வாரக்கணக்கில் தபால்காரரின் முகத்தைப் பார்க்க வைக்கிறாய். குத்திக்காட்டவில்லை. நீ பெற்ற பாப்பு போன செய்தி போனில் வந்த நாளிலிருந்து நீ அதைக் கையால் தொடுவதில்லை என்று எனக்குத் தெரியாதா? எழுதி எழுதி என் கோழிக்கிறுக்கலாவது தேறட்டும்.

புது அறைக்கு வந்தாகிவிட்டது. தோல் டாக்டரின் கட்டடம்தான், இரண்டாவது மாடி. வடக்கே பார்த்த பெரிய ஜன்னல் ஒன்று இருக்கிறது. அதற்காகவே மறுபேச்சில்லாமல் சரி என்றேன். டியூப்லைட்டில் நிறம் கலந்தால் ஆள் தெருவில் போய் நிற்கும்போது ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி ஆகிவிடும். புருவம் வரைந்துகொண்டிருந்த காலத்தில் இந்தக் கவலையெல்லாம் கிடையாது. தழும்பை மறைப்பது அப்படியில்லை. கன்னத்துக்கு ஒரு நிறம், தாடைக்கு ஒரு நிறம். ஊசியால் தோலுக்குள் வைத்த நிறம் ஆறி அடங்க ஒரு மாதம் ஆகும். அதுவரை நான் வைத்தது சரியா தப்பா என்று எனக்கே தெரியாது.

அதனால் ஒரு கெட்ட பழக்கம் பிடித்துக்கொண்டது. யாருக்கு நிறம் கலந்தாலும் புது ஊசி எடுத்து என் இடது முன்கையில் ஒரு புள்ளி வைத்துவிடுகிறேன். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் பார்த்தால் நாலு சாத்து சாத்துவார். வெந்நீர் மாமா, குக்கர் டீச்சர், ஆபரேஷன் போலீஸ் என்று எல்லாரும் என் கையில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். வாடிக்கையாளர்களை நான் பட்டப்பெயரில்தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறேன்.

புதிதாக ஒரு பெண் அம்மாவோடு வந்திருக்கிறாள். தீ விபத்து. முகம், கழுத்து, இரண்டு கைகள். எத்தனையோ ஆபரேஷன் ஆகிவிட்டது. ஒரு கண்ணில் இமை சரியாக மூடாததால் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும், கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே இருப்பாள். கைக்குட்டை என்று பெயர் வைத்திருக்கிறேன். அந்த அம்மா பழைய போட்டோ கொண்டுவந்து கொடுத்து, "முன்னாடி எப்படி இருந்தாளோ அப்படியே ஆக்கிடுங்க. கண்ணுக்குக் கீழ மச்சம் இருக்கு பாருங்க, அதையும் வெச்சிடுங்க" என்றார். தழும்பின் மேல் மச்சம் வைக்கச் சொல்லி யாரும் இதுவரை கேட்டதில்லை.

வேலை காத்திருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
சின்னு


ஜனவரி 25

என் செல்லச் சின்னுவுக்கு,

உன் கடிதம் வந்தது. முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. இருமல் அத்தானை விட்டு எனக்கு வந்து, திரும்ப அவரிடமே போய்விட்டது. புருஷன் பெண்டாட்டி என்றால் எல்லாவற்றையும் பகிர்ந்துகொள்ள வேண்டுமாம், அவர் சொல்கிறார். அவர் இப்படி ஒரு கேலி பேசி எத்தனை நாளாகிறது என்று நினைத்துப் பார்த்தேன். பாப்பு போன பிறகு இந்த வருடம்தான் கொஞ்சம் வாய் திறக்கிறார்.

கண்ணாடிக் கடையில் எனக்கு வழக்கமான பாடுதான். நேற்று ஒருவர் போன மாதம் வாங்கின கண்ணாடியில் எதுவும் தெரியவில்லை என்று சண்டைக்கு வந்தார். வாங்கிப் பார்த்தால் அவர் மனைவியுடையது. இரண்டு பேரும் ஒரு மாதமாக மாற்றிப் போட்டுக்கொண்டு ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

கையில் புள்ளி வைத்துக்கொள்கிற வேலையை விடு. சிறுத்தைப்புலியைக் கட்டிக்கொள்ள எந்த மாப்பிள்ளையும் வர மாட்டான். உனக்கு அது ஒரு சாக்கு, தெரியும்.

ஒன்று கேட்கிறேன். மற்ற எல்லாரையும் பற்றி எழுதும்போது எதில் சுட்டது, எப்படிக் கொட்டியது என்று கதை எழுதுவாய். இந்தப் பெண்ணுக்கு மட்டும் தீ விபத்து என்று இரண்டே வார்த்தை எழுதியிருக்கிறாய். எந்தத் தீ?

ஆசியுடன்,
அக்கா


பிப்ரவரி 22

அன்பு அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நீ கேட்டதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் தாளை எடுத்து எடுத்து வைத்துவிட்டேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ நலம்தானே?

அதே தீ, அக்கா. அதே ஹாஸ்டல். பாப்புவோடு ஒரே அறையில் இருந்து பிழைத்த பெண் இவள்தான். இரண்டாவது தடவை வந்தபோது அந்த அம்மா சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. நான் யார் என்று அவர்களிடம் சொல்லவில்லை. ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். "என்னாச்சு மேடம்?" என்று அந்தப் பெண் கேட்டாள். புகை தொண்டையைக் கெடுத்துவிட்டது, குரல் காகிதம் கிழிகிற மாதிரி வருகிறது. கண்ணுக்கு ஓய்வு என்று சொல்லிச் சமாளித்தேன்.

உனக்கு எழுதியிருக்கக்கூடாதோ என்னவோ. ஆனால் நீ கேட்டு நான் பொய் சொன்னதில்லை.

அவர்கள் இரண்டு பேரையும் பார்த்தால் எனக்கு என்னவோ போல இருக்கிறது. நான் வேலை செய்யும்போது பெண் அசையாமல் இருக்க அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய சின்ன வயதுக் கதைகளைச் சொல்வார். நாலு வயதில் ரயில் நிலையத்தில் தொலைந்துபோய் டிக்கெட் கவுண்டர் மேடையில் தூங்கிக்கொண்டிருந்த கதை. பாதியில் நிறுத்துவார். மீதியைப் பெண் சொல்வாள். அதே வார்த்தைகள், அதே இடத்தில் மூச்சு. பரீட்சைக்கு ஒப்பிக்கிற மாதிரி. போன வாரம், "நீலச் சட்டை போட்டிருந்தேன்" என்றாள். அந்த அம்மா, "பச்சை" என்றார். "பச்சை" என்று உடனே மாற்றிக்கொண்டாள். அந்த அம்மா தலையாட்டிவிட்டுக் கதையைத் தொடர்ந்தார். அறை திடீரென்று குளிர்ந்த மாதிரி எனக்கு இருந்தது. ஜன்னல் மூடித்தான் இருந்தது.

தீயில் அவளுக்குத் தலையிலும் அடிபட்டதாம், அப்படிப்பட்டவர்களுக்கு ஞாபகம் இப்படித்தான் திரும்பும் என்று டாக்டர் சொல்கிறார். இருக்கலாம்.

கோபப்படாமல் பதில் எழுது.

உன்,
சின்னு


மார்ச் 2

சின்னு,

நலம். நீயும் நலமாக இரு.

கோபமில்லை. கடிதத்தை அத்தானிடம் காட்டவில்லை. கடையில் வைத்துப் படித்தேன். அன்றைக்கு ஒரே லென்ஸை மூன்று தடவை துடைத்திருக்கிறேன், முதலாளி சொல்லித்தான் தெரிந்தது.

அந்தப் பெண் பிழைத்தாள் என்று கேட்டபோது எனக்கு அவள்மேல் வயிற்றெரிச்சலாக இருந்தது. ஏன் அவள், ஏன் என் பிள்ளை இல்லை என்று. இதை உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன். இப்போது அது இல்லை. அவள் வலியில்லாமல் இருக்கட்டும்.

எனக்காக அவளிடம் ஒன்றே ஒன்று கேள். பாப்பு கடைசியில் பயந்தாளா? என்னைக் கூப்பிட்டாளா? இதுதான் என்னைத் தூங்க விடாத கேள்வி. என்ன பதில் வந்தாலும் அப்படியே எழுது, பூசி மெழுகாதே.

அக்கா


மார்ச் 30

அன்பு அக்காவுக்கு,

நலம்தானே? இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. என் வேலைக்கு வெயில் எதிரி. சுற்றியிருக்கிற தோல் கறுக்கும், நான் வைத்த நிறம் கறுக்காது. எல்லாரையும் குடை பிடிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கேட்டேன். அந்த அம்மா டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, உன்னோடு அறையில் இருந்த பெண்ணைப் பற்றிச் சொல்லேன் என்றேன். கைக்குட்டையை மடித்து மடித்து விரித்தாள். அப்புறம் சொன்னாள்: "அவ தூங்கிட்டு இருந்தா. முழிக்கவே இல்ல. பயப்பட நேரமே இல்ல." அவளைச் சத்தியம் பண்ணச் சொல்லவில்லை, ஆனால் முகத்தைப் பார்த்தேன். உண்மைதான் சொன்னாள். நீ இனிமேல் தூங்கு, அக்கா.

கடைசியாக என்ன பேசிக்கொண்டீர்கள் என்றும் கேட்டேன். மறுநாள் பரீட்சையாம். ஒருத்தியின் வாட்ச் நின்றுபோய்விட்டதாம். இன்னொருத்தி தன்னுடையதைக் கழற்றி அவள் கையில் கட்டிவிட்டாளாம். "தொலைச்சுடாதேடி, எங்கம்மா கொன்னுடுவாங்க" என்று சொல்லிச் சிரித்துவிட்டுத் தூங்கிப்போனார்களாம். அவ்வளவுதான். சாதாரணப் பேச்சு. எனக்கு அதைக் கேட்டு ஆறுதலாக இருந்தது.

ஒரு வேடிக்கை எழுதுகிறேன். இந்தப் பெண்ணுக்குக் கலந்த நிறத்தை வழக்கம்போல என் கையில் புள்ளி வைத்தேன். மற்றவர்களின் புள்ளி ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும், ஒன்று கறுப்பாக, ஒன்று வெளிறி. இது ஆறியதும் காணாமல் போய்விட்டது. உரித்தெடுத்த மாதிரி இல்லை, இருக்கிறது, ஆனால் தெரியவில்லை. பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். நம் வீட்டு நிறம் லேசில் கலக்க வராது. அடியில் பச்சை ஓடும், பவுடர் போட்டால் சாம்பலாகும், நீ உன் கல்யாணத்தன்று கண்ணாடி முன்னால் அழுதாயே. அது எப்படி இந்தப் பெண்ணுக்கும் வந்தது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். உலகத்தில் எத்தனை பேர், எத்தனை நிறம். இருக்கும்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன்,
சின்னு


மே 2

அன்பு அக்காவுக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? அந்தப் பதில் உனக்கு நிம்மதி தரும் என்று நினைத்தேன். புண்ணைக் கிளறிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. இரண்டு வரி போடு.

இங்கே வேலை நன்றாகப் போகிறது. கைக்குட்டையின் கன்னம் எவ்வளவு சமமாகிவிட்டது தெரியுமா, நானே என் முதுகைத் தட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. மச்சம் வைத்த அன்று அந்த அம்மா போட்டோவைக் கையில் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஒரு நூல் கீழ... ஆங், அங்கதான்" என்றார். வைத்து முடித்ததும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பெண்ணை முதல் தடவை பார்க்கிற மாதிரி பார்த்தார்.

நேற்று அந்தப் பெண் தனியாக ஒன்று கேட்டாள். செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினாள். தீ அங்கே போகவேயில்லை, நல்ல தோல். உள்பக்கக் கணுக்காலில் மட்டும் பழைய வெள்ளைத் தழும்பு ஒன்று, வளைவாக. "இதையும் மூடணும்" என்றாள். முகத்தை விட்டுவிட்டு யாராவது உன் கணுக்காலைப் பார்ப்பார்களா என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "இதைத்தான் முக்கியமா மூடணும்" என்றாள். ஜூன் கடைசியில் செய்யலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

சீக்கிரம் பதில் எழுது.

உன்,
சின்னு


ஜூன் 5

சின்னு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. நிதானமாகப் படி.

பாப்புவை நாங்கள் முகம் பார்த்து அடையாளம் சொல்லவில்லை. பார்க்க விடவில்லை. ஒரு வாட்சைக் காட்டினார்கள். நான் அவளுக்கு வாங்கிக் கொடுத்த வாட்ச். இது என் மகளுடையதுதான் என்று சொன்னேன். அத்தான் கையெழுத்துப் போட்டார். அத்தோடு முடிந்தது. நீ இரண்டு நாள் கழித்து வந்தாய், உனக்கு இதெல்லாம் தெரியாது.

உன் மார்ச் மாதக் கடிதத்தைப் படித்தபோது நான் கடையில் நின்றுகொண்டிருந்தேன். அப்புறம் உட்கார்ந்துவிட்டேன். யார் யாருக்கு வாட்சைக் கட்டிவிட்டார்கள், சின்னு? நீ எழுதவில்லை. உன் கையில் காணாமல் போன புள்ளியை நான் கண்ணை மூடினாலும் பார்க்கிறேன். பைத்தியம் பிடிக்கிறது என்று நினைத்து எழுதாமலே இருந்தேன். பிறகு மே மாதக் கடிதம் வந்தது.

பாப்புவுக்கு ஏழு வயதில் அத்தான் சைக்கிளில் பின்னால் உட்கார்த்திக் கூட்டிப்போனபோது கால் சக்கரக் கம்பியில் மாட்டிக்கொண்டது. இடது கால், உள்பக்கக் கணுக்கால். அத்தானுக்குத் திட்டு விழும் என்று யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

எந்தக் கால் என்று பார். பார்த்து எழுது. நான் எழுதுகிற வரைக்கும் அதை மூடாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன், மூடாதே.

அத்தானுக்கு இன்னும் தெரியாது. நேற்று டிவியில் ஏதோ பார்த்துச் சத்தமாகச் சிரித்தார்.

அக்கா


ஜூன் 27
(எழுதினேன், அனுப்பவில்லை)

அக்கா,

இதை நீ படிக்கப் போவதில்லை. அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

இடது கால்.

அந்த அம்மாவைக் கீழே மருந்துக் கடைக்கு அனுப்பிவிட்டு, "இது சைக்கிள்ல பட்டதா?" என்று கேட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் அந்தக் கிழிந்த குரலில் சொன்னாள்: "அப்பா திரும்பியே பார்க்கல. நான் அழுததைப் பாட்டுன்னு நினைச்சு, கூடவே பாடிக்கிட்டு ஓட்டினார்."

தெரிந்துதான் என்னிடம் வந்தாயா என்றேன். கீழே பலகையில் என் பெயரைப் பார்த்து வந்தாளாம். "வேற யார் கையும் என் முகத்துல படக்கூடாதுன்னு தோணுச்சு, சித்தி." ஆறு மாதமாக மேடம் மேடம் என்றவள். அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் கை என்னைக் கட்டவில்லை. மடியிலேயே இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்றேன். "முழிச்சப்போ தொண்டையில குழாய். யாரோ என் காலைப் பிடிச்சுக்கிட்டு அவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. எனக்குப் பேச்சு வர்றதுக்குள்ள வீட்ல எனக்குக் காரியமெல்லாம் செஞ்சு முடிச்சாச்சு."

இப்போது சொல்லலாமே என்றேன். அவள் சொன்னதை என்னால் மறக்க முடியாது. "உங்க அக்காவுக்குப் பொண்ணு ஒரு தடவை செத்தாச்சு. இவங்களுக்கு இன்னும் சாகல. அதை நான் என் வாயால சொல்லணுமா?" உங்க அக்கா என்றாள். அம்மா என்று சொல்லவில்லை.

"எது என் ஞாபகம், எது அவங்க சொன்னதுன்னு இப்பல்லாம் எனக்கே தெரியறதில்ல சித்தி. அந்த ரயில் நிலையம் எனக்கு நல்லாத் தெரியுது. மேடை சில்லுன்னு இருந்தது கூட. சைக்கிள் ஒண்ணுதான் என்னோடதுன்னு நிச்சயமாத் தெரியும். அது இருக்கற வரைக்கும் நான் ராத்திரியில ரெண்டு பேரா இருக்கேன். மூடிடுங்க."

கதவு திறந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அந்த அம்மா மருந்துப் பையோடு நின்றுகொண்டிருந்தார். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. முகத்தில் கோபமில்லை, பயமில்லை. உள்ளே வந்து அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டார். என்னைப் பார்த்து, பாத்திரத்தில் கறை இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார்: "அந்தத் தழும்பு என் பொண்ணுக்குக் கிடையாதுங்க. நல்லா மூடிடுங்க."

மூடினேன், அக்கா. நீ மூடாதே என்று காலில் விழுந்து கேட்டாய், நான் மூடினேன். நிறம் கலக்க நேரமே ஆகவில்லை. என் கையைப் பார்த்துக் கலந்தேன்.


ஜூன் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. அந்தப் பெண்ணின் இரண்டு கால்களையும் நல்ல வெளிச்சத்தில் பார்த்தேன். எந்தத் தழும்பும் இல்லை. நான் மே மாதம் எழுதியது வேறொருவரின் காலைப் பற்றி. ஒரே நாளில் நிறையப் பேர் வந்ததால் குழம்பிவிட்டேன். வாட்சைப் பற்றியும் கேட்டேன். அவளுக்குச் சரியாக ஞாபகமில்லை.

நிற ஒற்றுமை தற்செயல்தான். மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. அத்தானிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அன்புத் தங்கை


ஆகஸ்ட் 16

அக்கா,

நலமா? ஜூலை முழுக்க உன் கடிதம் இல்லை. கேட்கவும் எனக்கு வாயில்லை.

கைக்குட்டையின் வேலை முடியப் போகிறது. செப்டம்பர் முதல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கடைசியாக ஒருமுறை வருகிறார்கள். இதை எதற்கு உனக்கு எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. வைத்த நிறம் நாளாக நாளாக மங்கும், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வந்து புதுப்பிக்க வேண்டும். அதை அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். வருவதாகச் சொன்னாள்.

வெளி அறைக்கு நாலு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறேன். நான் உள்ளே இருந்தால் வெளியே யார் வந்தது, யார் உட்கார்ந்தது என்று எனக்குத் தெரியாது.

சாப்பிடு. தூங்கு.

சின்னு


செப்டம்பர் 12

என் சின்னுவுக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். முழங்காலுக்கு இதைவிடப் பெரிய பரீட்சை வேண்டாம், உன் கட்டடத்துப் படியை மூன்றாவது மாடி வரை ஏறி இறங்கிவிட்டது.

ஆமாம், வந்தேன். லென்ஸ் கம்பெனியில் பயிற்சி என்று அத்தானிடம் சொல்லிவிட்டு வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. நீ பொய் எழுதினால் உன் எழுத்து அழகாகிவிடும், உனக்குத் தெரியாது. ஜூன் கடிதத்தில் ஒரு கோழிக்கிறுக்கல் கிடையாது. அச்சடித்த மாதிரி இருந்தது. "இப்படிக்கு உன் அன்புத் தங்கை" வேறு. அதைப் படித்ததும் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. உன்மேல் வந்த கோபத்தில் கடிதத்தைக் கிழித்தேன். பிறகு ஒட்டினேன்.

அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்றுதான் புறப்பட்டேன். பேருந்தில் வரும்போது என்ன பேச வேண்டும் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்காரர் எழுந்து வேறு இடம் போய்விட்டார்.

உன் வெளி அறையில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் நான். என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்களுக்கும் தழும்பா?" என்றார். ஆமாம் என்றேன். "கவலைப்படாதீங்க, கைராசிக்காரங்க. என் பொண்ணைப் பாருங்க" என்று பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். ஹாஸ்டல் வாசலில் எடுத்தது. இரண்டு பெண்கள் தோளில் கை போட்டு நிற்கிறார்கள். கண்ணுக்குக் கீழே மச்சம் உள்ளவளைக் காட்டி, "அப்படியே வந்துடுச்சு" என்றார். பக்கத்தில் நின்றவளின் முகத்தைக் கட்டைவிரலால் மறைத்துப் பிடித்திருந்தார். விரல் அங்கேயே பழகிப்போன மாதிரி இருந்தது, சின்னு. அந்த இடம் தேய்ந்து வெளுத்திருந்தது.

அந்த விரலைப் பிடித்து ஒடிக்க வேண்டும் போல இருந்தது. வாயைத் திறந்தேன். அதற்குள் உள்கதவு திறந்தது.

முகம் எனக்குத் தெரியாத முகம். மச்சமும் எல்லாமுமாக, போட்டோவில் இருந்த அந்தப் பெண்ணின் முகம். நடந்து வந்தது என் பிள்ளை. என்னைப் பார்த்தாள். கைக்குட்டை பாதி வழியில் நின்றது. அவ்வளவுதான், மறுபடி கண்ணை ஒற்றிக்கொண்டாள். அந்த அம்மா எழுந்து அவள் காலர் மடிந்திருந்ததைச் சரி செய்தார். அவள் கழுத்தைச் சாய்த்துக் கொடுத்தாள், தினமும் நடக்கிற காரியம் போல.

பிறகு என்னிடம், "நீங்க அடுத்ததா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், போட்டோவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. என் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கொலைக்குத் தீர்ப்புக் கேட்கிறவள் மாதிரி நின்றார். அந்த முகத்தை நான் ஒருதரம் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன், வாட்சைக் காட்டிய அன்றைக்கு.

"இல்லம்மா. பல் டாக்டரைத் தேடி வந்தேன், மாடி மாறிட்டேன்" என்றேன்.

"மேல் மாடி. படி ரொம்பச் செங்குத்து. கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு ஏறுங்க. முழங்கால் வலிக்கும்" என்றாள்.

ஏறினேன். பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி ஒரு கடைவாய்ப் பல்லை ஆட்டிப் பார்த்தார். நான் அழுததற்கு அவர் பயந்துவிட்டார், இன்னும் ஊசியே போடலையே என்றார். மேல் ஜன்னலிலிருந்து பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே குடையில் போனார்கள். குடையை வெயில் பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தது அந்த அம்மாதான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தெருமுனை வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அத்தானிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். பயிற்சி எப்படி என்று கேட்டார். நன்றாகத் தெரிந்தது என்றேன்.

நிறம் மங்கும், மறுபடி வருவாள் என்று எழுதியிருந்தாய். வந்தால் எனக்கு எழுது. வேறு எதுவும் வேண்டாம், வந்தாள் என்று மட்டும் எழுது. அப்புறம் ஒன்று, அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது. ஊசி குத்தினால் அவள் அழ மாட்டாள், மூச்சைப் பிடித்துக்கொண்டுவிடுவாள், உதடு நீலமாகிற வரைக்கும். நடுநடுவே நிறுத்தி, மூச்சு விடச் சொல்.

உன்,
அக்கா